லினக்ஸ் நிறுவும்போது திரை கறுத்துவிட்டதா? கிராபிக்ஸ் டிரைவர் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸுக்கு மாறலாம் என்று ஆசையோடு பென் டிரைவைச் செருகுகிறவர்களில் பலர் மனம் விட்டுப்போவது, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரில்தான். திரை கறுத்துவிடும், அல்லது எழுத்தெல்லாம் பூதாகரமாகத் தெரியும், அல்லது கடவுச்சொல் கொடுத்தாலும் உள்ளே விடாது. உடனே "நமக்கு இது சரிப்படாது" என்று விண்டோஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் தீரக்கூடியவை. நண்பர்கள், உறவினர்கள் மெஷின்களோடு உட்கார்ந்து பழகியதிலிருந்து, திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்தேன். லோகோ வந்தது, அப்புறம் திரை கறுப்பாகிவிட்டது. மெஷின் போய்விட்டதா?

இல்லை. கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் லினக்ஸ் உள்ளே நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. படம் மட்டும் திரைக்கு வந்து சேரவில்லை.

நடப்பது இதுதான். கணினி தொடங்கும் முதல் சில நொடிகளில் பயாஸ் (கணினியின் தொடக்க நிரல்) ஏற்பாடு செய்து வைத்த எளிய திரையில்தான் எழுத்துகள் தெரிகின்றன. அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன் கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றி, திரையின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது. பென் டிரைவில் உள்ள டிரைவருக்கு உங்கள் கார்டு சரியாகப் புரியவில்லை என்றால், பொறுப்பு கைமாறும் அந்த நொடியில் திரை அணைந்துவிடும்.

இதற்கு வழி நிறுவும் மெனுவிலேயே இருக்கிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் "சேஃப் கிராபிக்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். லினக்ஸ் மின்ட்டில் "கம்பாட்டிபிலிட்டி மோட்". ஃபெடோராவில் "டிரபிள்ஷூட்டிங்" என்பதற்குள் போனால் "பேசிக் கிராபிக்ஸ் மோட்" கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் முன்னால் கேபினட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் மானிட்டர் கேபிள் மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ துளையில் செருகப்பட்டிருக்கும். ஒரு மணி நேரம் டிரைவரோடு போராடிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மெனுவில் அப்படி எந்த வரியும் இல்லையே?

அப்படியானால் கையாலேயே செய்யலாம். கிரப் மெனு (பூட் ஆகும்போது வரும் தேர்வுப் பட்டியல்) தெரியும்போது, நிறுவும் வரியின் மேல் நின்று, "எடிட்" என்ற சொல்லின் முதலெழுத்தான ஆங்கில ஈ விசையை அழுத்துங்கள். நான்கைந்து வரிகள் திறக்கும். "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் பெரும்பாலும் "கொயட் ஸ்பிளாஷ்" என்ற சொற்கள் இருக்கும். ஓர் இடைவெளி விட்டு "நோமோட்செட்" என்று ஒரே சொல்லாகத் தட்டுங்கள். கன்ட்ரோலோடு எக்ஸ், அல்லது எஃப்10. அவ்வளவுதான், பூட் ஆகும்.

இதே வேளையில் "கொயட் ஸ்பிளாஷ்" இரண்டையும் அழித்துவிட்டால் லோகோவுக்குப் பதிலாக எழுத்துகள் ஓடும். எந்த வரியில் நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். நான் எப்போதும் இரண்டையும் சேர்த்தே செய்வேன்.

நிறுவிய பிறகு கிரப் மெனு தானாகத் தெரியவில்லை என்றால், மெஷினை ஆன் செய்ததும் எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பழைய பயாஸ் மெஷின்களில் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருக்க வேண்டும்.

நோமோட்செட் போட்டு நிறுவிவிட்டேன். ஆனால் திரை 1024க்கு 768லேயே நிற்கிறது. யூடியூப் கூடத் திக்குகிறது. ஏன்?

நோமோட்செட் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான். என்னிடம் வரும் "லினக்ஸ் மெதுவாக இருக்கிறது" என்ற புகார்களில் அடிக்கடி நான் காணும் காரணம் இதுதான்.

நோமோட்செட் என்பது கெர்னலிடம் "திரையின் அளவை நீ மாற்றாதே, உன் கிராபிக்ஸ் டிரைவரைப் பயன்படுத்தாதே" என்று சொல்வது. அதாவது கால் உடைந்தவருக்கு ஊன்றுகோல். கிராபிக்ஸ் கார்டு சும்மா உட்கார்ந்திருக்க, அது செய்ய வேண்டிய வேலை முழுவதையும் பிராசஸர் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஃபேன் சத்தமும் கூடுகிறது. நிறுவும்போது போட்ட நோமோட்செட்டைச் சில இன்ஸ்டாலர்கள் நிரந்தர அமைப்பிலும் எழுதிவிடுகின்றன. இணையத்தில் எதையோ படித்துவிட்டு நாமே எழுதி வைப்பதும் உண்டு.

எடுப்பது எப்படி? ஈடிசி ஃபோல்டருக்குள் டீஃபால்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கிரப் என்று ஒரு கோப்பு. அதை சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) நானோ எடிட்டரில் திறந்து, நோமோட்செட் என்ற சொல்லை மட்டும் அழித்துச் சேமியுங்கள். அப்புறம் உபுண்டு, மின்ட், டெபியனில் "சூடோ அப்டேட்-கிரப்", பிறகு ரீஸ்டார்ட். ஆனால் சரியான டிரைவரைப் போட்ட பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் மறுபடி கறுப்புத் திரைதான்.

என் மெஷினில் இப்போது எந்த டிரைவர் ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதைப் பார்க்காமல் கட்டளைகளை ஒட்டிக்கொண்டே போனால் ஒரு சிக்கல் மூன்றாகும்.

டெர்மினலில் "எல்எஸ்பிசிஐ" என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து எண்டர் தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் "விஜிஏ" அல்லது "3டி கன்ட்ரோலர்" என்று உள்ள பகுதியைத் தேடுங்கள். அதற்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கும். இன்டெல் என்றால் ஐ915 அல்லது எக்ஸ்இ, ஏஎம்டி என்றால் ஏஎம்டிஜிபியு அல்லது ரேடியான், என்விடியா என்றால் நூவோ அல்லது என்விடியா என்று இருக்க வேண்டும். அந்த வரியே இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை.

இரண்டாவது சோதனை: "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ" கட்டளையோடு கோடு போட்டு பெரிய எழுத்து பி. உபுண்டு, டெபியனில் இது மெசா-யுட்டில்ஸ் பேக்கேஜில் இருக்கிறது. விடையில் "ரெண்டரர்" என்ற வரியில் உங்கள் கார்டின் பெயர் வந்தால் நல்லது. "எல்எல்விஎம்பைப்" என்று வந்தால் படம் வரையும் வேலையைப் பிராசஸர்தான் செய்கிறது என்று பொருள். டிரைவர் பெயர் சரியாக இருந்தும் இங்கே எல்எல்விஎம்பைப் வந்தால், சிக்கல் கெர்னலில் இல்லை, அதற்கு மேலடுக்கான மெசா என்ற வரைகலை நூலகத்தில் இருக்கிறது.

ஏஎம்டி கார்டு வைத்திருக்கிறேன். எங்கிருந்து டிரைவர் இறக்க வேண்டும்?

எங்கிருந்தும் வேண்டாம். ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015இல் வந்த 4.2 கெர்னலிலிருந்தே கெர்னலுக்குள் இருக்கிறது. செயலிகள் படம் வரையப் பயன்படுத்தும் ஓப்பன்ஜிஎல், வல்கன் இரண்டையும் மெசா பார்த்துக்கொள்ளும். ஏஎம்டியின் தளத்தில் லினக்ஸுக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. வீட்டுப் பயனுக்கும் கேமுக்கும் அது தேவையில்லை.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) இல்லாதது. டெபியனில் பழைய நாட்களில் தனியுரிமை ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரில் இருக்காது. 2022இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, டெபியன் 12 முதல் அதுவும் சேர்ந்தே வருகிறது. அதற்கு முந்தைய டெபியனில் "ஃபர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ்" பேக்கேஜைக் கையால் போட வேண்டும்.

இரண்டு, கார்டு புதிது, லினக்ஸ் பழையது. ரேடியான் ஆர்எக்ஸ் 9070 கடைக்கு வந்தது 2025 மார்ச்சில். உபுண்டு 24.04 முதலில் வந்தபோது அதிலிருந்த கெர்னல் 6.8. ஒரு வருடம் கழித்துப் பிறந்த கார்டை அதற்கு எப்படித் தெரியும்? அதே 24.04இன் மூன்றாவது திருத்தப் பதிப்பில் 6.14 கெர்னலும் புதிய மெசாவும் இருக்கின்றன. எனவே பழைய ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாமல், புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பல நேரம் அதுவே முழுத் தீர்வு.

இன்டெல் மட்டும் இருக்கும் லேப்டாப்?

பொதுவாக எதுவும் செய்ய வேண்டாம். ஆர்க் வரிசைத் தனி கார்டு என்றால் 6.2 அல்லது அதற்கு மேற்பட்ட கெர்னல் வேண்டும். பி580 என்றால் 6.12 அல்லது அதற்கு மேல். விதிவிலக்கு, பழைய ஆட்டம் நெட்புக்குகளில் இருந்த ஜிஎம்ஏ 500, 3600 சிப்கள். அவற்றின் கிராபிக்ஸ் மையம் இன்டெல் தானே வடிவமைத்ததல்ல, பவர்விஆர் வகை. 3டி முடுக்கம் தரும் திறந்த டிரைவர் அவற்றுக்கு அமையவில்லை. அந்த மெஷின்களில் எழுத்து வேலை செய்யலாம், வீடியோவை எதிர்பார்க்காதீர்கள்.

என்விடியாவில் மட்டும் ஏன் இத்தனை தொல்லை?

இன்டெல், ஏஎம்டி இரண்டும் தங்கள் டிரைவரின் மூல நிரலைத் திறந்து கெர்னலுக்குள்ளேயே கொடுத்துவிட்டன. கெர்னல் மாறும்போது டிரைவரும் கூடவே மாறுகிறது. என்விடியா நெடுங்காலம் அப்படிச் செய்யவில்லை. மூடிய டிரைவரைத் தனியாகத் தந்தது. ஆகவே கெர்னல் ஒரு பக்கம் நகர, டிரைவர் இன்னொரு பக்கம் நகர, நடுவில் அகப்பட்டுக்கொள்வது பயனர்தான். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தாங்கள் கையாண்ட நிறுவனங்களிலேயே மோசமானது என்விடியாதான் என்று வெளிப்படையாகவே சாடினார்.

இதற்கிடையில் தன்னார்வலர்கள் கார்டின் நடத்தையை வெளியிலிருந்து ஆராய்ந்து, நூவோ என்ற திறந்த டிரைவரை எழுதினார்கள். 2010இல் வந்த 2.6.33 கெர்னலில் அது சேர்ந்தது. எந்த ஆவணமும் கையில் இல்லாமல் அவர்கள் செய்த வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்றைக்கும் என்விடியா மெஷினில் லினக்ஸை நிறுவும்போது முதலில் திரையைக் காட்டுவது பெரும்பாலும் நூவோதான். ஆனால் ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, கார்டின் வேகத்தை மாற்ற என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் தேவைப்பட்டது. அது கிடைக்காததால் 900, 1000 வரிசைக் கார்டுகள் நூவோவில் மிகக் குறைந்த வேகத்திலேயே ஓடின.

2022 மே மாதம் என்விடியா தன் டிரைவரின் கெர்னல் பகுதியை மட்டும் திறந்தது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் அது பொருந்தும். நிலைமை முன்பைவிட நிஜமாகவே மேம்பட்டிருக்கிறது.

டிரைவர் பட்டியலில் 470, 535, 580, ஓப்பன், சர்வர் என்று எத்தனையோ எண்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

கார்டின் வயதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜிடிஎக்ஸ் 400, 500 வரிசைக்குக் கடைசி டிரைவர் 390. ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 470. இரண்டையும் என்விடியா கைவிட்டுவிட்டது. புதிய கெர்னலில் அவை ஏறாமல் போகலாம், அத்தகைய மெஷினில் நூவோவே நிம்மதி. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக்கு 580தான் கடைசி. அதற்கு மேற்பட்ட எண்ணைப் போட்டால் கார்டைக் கண்டுகொள்ளாது.

ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வைத்திருப்பவர்கள் "ஓப்பன்" என்று முடியும் பெயரைப் போடலாம், அது இல்லாததையும் போடலாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு "ஓப்பன்" கட்டாயம். சாதாரணப் பதிப்பு அதில் ஓடவே ஓடாது. "சர்வர்" என்று முடிவதை வீட்டு மெஷினில் போட வேண்டாம்.

சரி, போடுவது எப்படி?

உபுண்டுவில் "அடிஷனல் டிரைவர்ஸ்" என்ற செயலியைத் திறந்து, "ரெகமெண்டட்" என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மின்ட்டில் அதன் பெயர் "டிரைவர் மேனேஜர்". திரை சரியில்லாமல் டெர்மினல் மட்டும் இருந்தால், "சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்" என்பதே போதும். கார்டைப் பார்த்து அதுவே ஏற்றதைத் தேர்ந்தெடுக்கும். மின்ட்காரர்கள் அதற்கு முன், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் டைம்ஷிஃப்ட்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து "ஏகேமாட்-என்விடியா" பேக்கேஜைப் போட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நிறுவல் முடிந்துவிட்டது என்று திரையில் வந்த பிறகும் பின்னணியில் டிரைவர் கட்டப்பட்டுக்கொண்டிருக்கும். உடனே ரீஸ்டார்ட் செய்தால் பாதியில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் பொறுங்கள். "மாட்இன்ஃபோ" கட்டளை என்விடியாவின் பதிப்பு எண்ணைக் காட்டிய பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டெபியனில் காண்ட்ரிப், நான்-ஃப்ரீ பகுதிகளைக் களஞ்சியப் பட்டியலில் சேர்த்து, கெர்னல் ஹெடர்களோடு (டிரைவரைக் கட்டத் தேவையான கோப்புகள்) "என்விடியா-டிரைவர்" பேக்கேஜைப் போடுங்கள். டெபியன் 13 தருவது 550 வரிசை என்பதால் ஆர்டிஎக்ஸ் 50க்கு அது போதாது.

போட்டு ரீஸ்டார்ட் செய்தபின் "என்விடியா-எஸ்எம்ஐ" என்று தட்டுங்கள். கட்டம் போட்ட ஒரு பட்டியலில் கார்டின் பெயரும் வெப்பநிலையும் தெரிந்தால் வேலை முடிந்தது.

என்விடியா தளத்தில் புதிய டிரைவர் ரன் கோப்பாகக் கிடைக்கிறதே. அதைப் போட்டால் என்ன?

வேண்டாம். விண்டோஸ் பழக்கத்தில் நம் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் அந்தக் கோப்பு வைக்கும் எதையும் லினக்ஸின் பேக்கேஜ் கருவிகளான ஆப்ட்டோ டிஎன்எஃப்போ அறியாது. புதுப்பிக்கவும் தெரியாது, நீக்கவும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் அக்கா மகனின் லேப்டாப்பில் இப்படி ஒரு கோப்பை இறக்கிப் போட்டுக்கொடுத்தேன். அன்றைக்கு நன்றாகவே ஓடியது. இரண்டு வாரம் கழித்துக் கெர்னல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அவனுடைய கல்லூரி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தைய இரவு, "மாமா, திரையே வரல" என்று போன் செய்தான். தப்பு கோப்பில் இல்லை. களஞ்சியத்தில் நல்லதாக ஒன்று இருக்கும்போது அதை விட்டுவிட்டு வெளியே போனது நான். போனிலேயே பழைய கெர்னலுக்குள் நுழைய வழிசொல்லி அவன் வேலையை முடிக்க வைத்தோம். அன்றிலிருந்து யாருக்கும் களஞ்சியத்தில் இருப்பதைத் தவிர வேறெதையும் போட்டுத் தருவதில்லை.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அதே ரன் கோப்பை "அன்இன்ஸ்டால்" என்ற விருப்பத்தோடு ஓட்டி முதலில் அதை நீக்குங்கள். பிறகுதான் களஞ்சிய டிரைவர்.

டிரைவர் போட்டேன், எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் என்விடியா-எஸ்எம்ஐ "டிரைவரோடு பேச முடியவில்லை" என்கிறது.

பயாஸில் உள்ள பாதுகாப்பு அமைப்பான செக்யூர் பூட்டைப் பாருங்கள். அது ஆனில் இருந்தால், நம்பகமான கையொப்பம் இல்லாத எந்த மாட்யூலையும் (கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டு) கெர்னல் ஏற்றாது. உங்கள் மெஷினிலேயே கட்டப்பட்ட என்விடியா மாட்யூலுக்கு உங்கள் மெஷினிலேயே உருவான ஒரு சாவியால் கையொப்பம் போடப்படும். அந்தச் சாவியை மெஷினின் ஃபர்ம்வேரிடம் (பயாஸிடம்) பதிவு செய்யும் படிதான் பலருக்குத் தவறிப்போகிறது.

உபுண்டுவில் நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அது உங்கள் லாகின் கடவுச்சொல் அல்ல, அடுத்த பூட்டில் ஒரே ஒரு முறை பயன்படுவது. ரீஸ்டார்ட் செய்ததும் நீலநிறத் திரை ஒன்று வரும். சில நொடிகளே காத்திருக்கும். ஏதோ கோளாறு என்று பயந்து விட்டுவிடுகிறார்கள், அல்லது அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுகிறார்கள். அந்தத் திரையில் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, "என்ரோல் மோக்", "கன்டினியூ", "யெஸ்" என்று போய், அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து ரீபூட் செய்யுங்கள்.

தவறவிட்டவர்கள் "மோக்யுட்டில்" கட்டளையின் "இம்போர்ட்" விருப்பத்தால் அதே சாவியை மறுபடி முன்வைக்கலாம். உபுண்டுவில் சாவிக்கோப்பு, வார், லிப், ஷிம்-சைன்ட், மோக் என்ற ஃபோல்டர் வரிசைக்குள் இருக்கும். இன்னொரு நல்ல செய்தி: உபுண்டு-டிரைவர்ஸ் வழியாகப் போட்டால் பெரும்பாலும் உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கலே கையொப்பமிட்ட மாட்யூல் வரும். அப்போது இந்த நீலத்திரைக்கே வேலையில்லை.

செக்யூர் பூட்டை பயாஸில் அணைப்பதும் ஒரு வழிதான். ஆனால் விண்டோஸும் சேர்ந்திருந்து அதில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ஆனில் இருந்தால், ரிகவரி சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அங்கே தொடாதீர்கள்.

எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நேற்று அப்டேட் செய்தேன், இன்றைக்குக் கறுப்புத் திரை.

புதிய கெர்னல் வந்திருக்கும், அதற்கேற்ற டிரைவர் மாட்யூல் கட்டப்படாமல் போயிருக்கும். பழைய கெர்னல் உங்கள் டிஸ்க்கில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. கிரப் மெனுவில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போய், முந்தைய எண்ணுள்ள கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திரை வந்துவிடும். அவசர வேலை இருந்தால் அதிலேயே முடித்துக்கொள்ளுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

அப்புறம் நிதானமாக "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கெர்னலுக்கும் மாட்யூலை மறுபடி கட்டிக்கொடுக்கும் கருவிதான் டிகேஎம்எஸ். புதிய கெர்னலின் எண் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அந்தக் கெர்னலின் ஹெடர் பேக்கேஜ் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டுவில் "லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்" போட்டு, "சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்" கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஹெடர் இருந்தும் கட்ட முடியவில்லை என்றால், அந்த டிரைவர் அந்தக் கெர்னலைவிடப் பழையது. டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது பழைய கெர்னலிலேயே இருக்க வேண்டும்.

அப்டேட் செய்த கையோடு, ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே "வெர்ஷன் மிஸ்மேட்ச்" என்று என்விடியா-எஸ்எம்ஐ சொன்னால் கவலை வேண்டாம். நினைவகத்தில் பழைய மாட்யூல், டிஸ்க்கில் புதிய நூலகம். ரீஸ்டார்ட் போதும்.

கடவுச்சொல் சரியாகக் கொடுக்கிறேன். திரை ஒரு நொடி மின்னிவிட்டு மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்துவிடுகிறது.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் எழுத்து லாகின் வரும். அங்கே நுழைந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள். "டிஎஃப்" கட்டளையில் டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறதா? உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் "எக்ஸ்அத்தாரிட்டி" கோப்பின் உரிமையாளர் ரூட் (நிர்வாகிக் கணக்கு) ஆகிவிட்டாரா? இரண்டும் இல்லை என்றால்தான் டிரைவர் சந்தேகம். எக்ஸ்அத்தாரிட்டி ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தால் அதை நீக்கிவிடலாம், அடுத்த லாகினில் புதிதாக உருவாகும்.

டிரைவர்தான் காரணம் என்றால், அதே எழுத்துத் திரையில் "சூடோ ஆப்ட் பர்ஜ்" கொண்டு என்விடியா என்று தொடங்கும் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். நூவோ வந்து திரையைத் தரும். அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். லினக்ஸையே அழித்து மறுபடி நிறுவத் தேவையில்லை.

லேப்டாப்பில் இன்டெல், என்விடியா இரண்டும் இருக்கின்றன. எது ஓடுகிறது?

லேப்டாப்பின் சொந்தத் திரை பெரும்பாலும் இன்டெலோடு இணைந்திருக்கும். என்விடியா கேட்டால் மட்டும் விழித்து, வரைந்து, படத்தை இன்டெலிடம் கொடுக்கும். உபுண்டு, மின்ட்டில் "பிரைம்-செலக்ட்" என்ற கட்டளையால் மூன்று நிலைகளில் ஒன்றை வைக்கலாம்: இன்டெல், என்விடியா, ஆன்-டிமாண்ட். என் பரிந்துரை ஆன்-டிமாண்ட். பேட்டரியும் மிச்சம், தேவைப்படும்போது வேகமும் கிடைக்கும். க்னோம் டெஸ்க்டாப்பில் செயலியின் ஐகானை ரைட் கிளிக் செய்தால் தனி கிராபிக்ஸ் கார்டில் திறக்கும் விருப்பம் வரும்.

இதில் பலரைக் குழப்பும் ஒன்று உண்டு. நிறைய லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ துளை நேராக என்விடியாவோடு இணைந்திருக்கும். பேட்டரிக்காக இன்டெல் நிலையில் வைத்துவிட்டு, ப்ரொஜெக்டரில் படம் வரவில்லை என்று கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நிலையை மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் படம் வந்துவிடும்.

என்விடியாவில் சில ஜன்னல்கள் மட்டும் மின்னுகின்றன, பழைய காட்சி எட்டிப் பார்க்கிறது.

ஜன்னல்களைத் திரைக்குக் கொண்டுவரும் புதிய முறை வேலண்ட், பழையது எக்ஸ்11. வேலண்டில் எக்ஸ்வேலண்ட் என்ற பாலம் வழியாக ஓடும் பழைய செயலிகளின் சிக்கல் இது. 2024இல் வந்த 555 டிரைவரில் இதற்கான அடிப்படைத் தீர்வு சேர்ந்தது. எனவே 555 அல்லது அதற்கு மேல் போங்கள். போக முடியாத பழைய கார்டு என்றால், உபுண்டு 24.04 லாகின் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தி "எக்ஸ்ஆர்க்" (எக்ஸ்11) அமர்வைத் தேர்ந்தெடுங்கள். க்னோம் வேலண்டை மட்டுமே நோக்கிப் போகிறது, உபுண்டு 25.10இல் அந்தத் தேர்வு இல்லை. மின்ட்டின் சினமன் டெஸ்க்டாப் இன்னும் எக்ஸ்11ஐயே இயல்பாகக் கொண்டிருப்பதால், பழைய என்விடியா வைத்திருப்பவர்களுக்கு நான் மின்ட்டைத்தான் சொல்கிறேன்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"திரை வரவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. கார்டின் முழுப்பெயர், லினக்ஸின் பெயரும் பதிப்பும், "யுநேம்" கட்டளையோடு கோடும் ஆர் எழுத்தும் சேர்த்தால் தெரியும் கெர்னல் எண், முன்பு சொன்ன எல்எஸ்பிசிஐ விடை, செக்யூர் பூட் ஆனா ஆஃபா, கடைசியாக நீங்கள் மாற்றியது என்ன, இவ்வளவும் வேண்டும். "ஜர்னல்சிடிஎல்" கட்டளையால் முந்தைய பூட்டின் பிழைகளை எடுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. போனில் திரையைப் படம் பிடித்து அனுப்புவதைவிட எழுத்தாக ஒட்டுவதே மேல்.

புதிதாக வாங்கப் போகிறேன். லினக்ஸுக்கு எந்தக் கார்டு?

வீட்டு வேலை, படிப்பு, கேம் என்றால் ஏஎம்டி. தனி கார்டே வேண்டாம் என்றால் இன்டெல் போதும். மெஷின் லேர்னிங் படிக்கிறீர்கள், குடா (என்விடியாவின் கணக்கீட்டுத் தளம்) இல்லாமல் முடியாது என்றால் என்விடியாவை வாங்குங்கள், ஆனால் ஆர்டிஎக்ஸ் வரிசையில் வாங்குங்கள். செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1060, 1070 கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் அதிகம். கார்டு நல்ல கார்டுதான். ஆனால் 580ஆம் எண் டிரைவருக்கு மேல் அதற்குப் புதியது இல்லை, நூவோவிலும் வேகம் இல்லை. அந்தப் பணத்துக்கு அதே சந்தையில் ரேடியான் ஆர்எக்ஸ் 580 கிடைத்தால், நான் அதைத்தான் எடுப்பேன்.